திருவிழாப் படங்கள் 3.4 ஜிபி: வீட்டுக் கணினியிலேயே அளவைக் குறைப்பது எப்படி?

லயத்து வீடு எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோவில் திருவிழாப் படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. 640 படம், மொத்தம் 3.4 ஜிபி. பாதிக்கு மேல் சாம்சுங் கைப்பேசி, கொஞ்சம் ஐபோன், மீதி பெரிய கேமரா. மூன்று வேலைக்கு வேண்டும்: புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் முகநூலிலும் போட, கோவில் மலரில் அச்சடிக்க, பிறகு பத்திரமாக எடுத்துவைக்க. கணினி விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபிதான். காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் எண்ணமில்லை. ஜிப் போட்டால் 3.3 ஜிபிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

செம்பனைக்காடு எழுதியது:

ஜிப்பை மறந்துவிடுங்கள். ஜேபெக் (ஜேபிஜி), அதாவது கேமராவும் கைப்பேசியும் வழக்கமாகப் படம் சேமிக்கும் வடிவம், பிழிந்து முடித்த கோப்பு. கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் விட்டால் என்ன சாறு வரும்? விண்டோஸில் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் இருக்கும் 'கம்ப்ரெஸ் கன்டென்ட்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தாலும் இதே கதைதான்.

குறைக்க உண்மையில் இரண்டே வழி. ஒன்று, படத்தின் நீள அகலத்தைக் குறைப்பது. இன்னொன்று, சேமிக்கும்போது தரத்தை இறக்குவது. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதில் கை வைப்பவர்கள்தான் படத்தைக் கெடுப்பவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி. புள்ளிக்கு 3 பைட் வீதம் பச்சையாக 36 எம்பி. ஜேபெக் அதை 4, 5 எம்பிக்குக் கொண்டுவந்துவிட்டது. வீட்டில் இருக்கும் சாதாரணத் திரை 1920க்கு 1080 புள்ளி. நீளப் பக்கத்தை 1920 ஆக்கினால் படம் 1920க்கு 1440, அதாவது 2.76 மில்லியன் புள்ளி. 12 மில்லியனில் கால் பங்குகூட இல்லை. தரம் 80, 85 என்று வைத்தால் பெரும்பாலான படங்கள் 500 முதல் 700 கேபிக்குள் வந்து நிற்கும். உங்கள் 640 படமும் சேர்ந்து 400 எம்பி சுமார். பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் கிடைக்கும் லைனில் 3.4 ஜிபி ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், 400 எம்பி 11 நிமிடத்தில் ஏறிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்பு முழுக் கோப்புறையையும் நகல் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். அசலைக் குறைத்துவிட்டால் திரும்ப வராது.

கம்பத்துக்காரன் எழுதியது:

அண்ணே, எளிதில் முடிய வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் போடுங்க. இலவசம்தான். அதில் 'இமேஜ் ரீசைசர்' என்று ஒன்று இருக்கு. போட்டதும் படங்களை எல்லாம் கன்ட்ரோல் + ஏ அடித்துத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் கிளிக் செய்தால் 'ரீசைஸ்' என்று வரும். அதில் 'லார்ஜ்' என்பது 1920க்கு 1080 பெட்டிக்குள் படத்தை அடக்கும்.

ஒரு விஷயம் கவனிங்க. 'மேக் பிக்சர்ஸ் ஸ்மாலர் பட் நாட் லார்ஜர்' டிக் ஆகியிருக்கணும், இல்லாவிட்டால் சின்னப் படங்களைப் பெரிதாக்கித் தரும். 'ரீசைஸ் தி ஒரிஜினல்' என்ற கட்டத்தைத் தொடவே தொடாதீங்க, அது அசல் மேலேயே எழுதிவிடும். தொடாமல் விட்டால் பெயருக்குப் பின்னால் 'லார்ஜ்' சேர்த்துத் தனிக் கோப்பாக அதே இடத்தில் போடும். தரம் 90 என்று வைத்து வரும். செட்டிங்ஸில் 82 ஆக்கிக்கொள்ளலாம்.

4 ஜிபி ரேம் என்பதால் பவர்டாய்ஸில் மற்ற வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டு இதை மட்டும் ஓட விடுங்க. எல்லாம் ஓடினால் கணினி திணறும் லா.

ஈப்போ ரோட் எழுதியது:

640 படத்துக்கு இர்ஃபான்வியூ இன்னும் பொருத்தம். மிகச் சிறிய மென்பொருள், 1996 முதல் இருக்கிறது, பழைய கணினியிலும் பறக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கடை வைத்திருப்பவர்கள் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

திறந்து பி விசையைத் தட்டினால் பல படங்களை ஒரே மூச்சில் மாற்றும் 'பேட்ச் கன்வர்ஷன்' சாளரம் வரும். வலப்பக்கம் கோப்புறையைக் காட்டி 'ஆட் ஆல்' கொடுங்கள். இடப்பக்கம் வடிவம் ஜேபிஜி. பக்கத்தில் 'ஆப்ஷன்ஸ்' அழுத்தி தரம் 82, 'கீப் ஒரிஜினல் எக்சிஃப்' டிக் (எக்சிஃப் என்பது எடுத்த தேதி போன்ற விவரங்களைக் கோப்புக்குள் வைத்திருக்கும் குறிப்பு). பிறகு 'யூஸ் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' டிக் செய்து 'அட்வான்ஸ்டு' உள்ளே போய் 'ரீசைஸ்' தேர்ந்தெடுத்து, நீளப் பக்கம் 1920 என்று கொடுங்கள். அகலம் 1920 என்று கொடுத்துவிட்டால் நின்றவாக்கில் எடுத்த படங்கள் 1920க்கு 2560 ஆகிவிடும். பாதிக் கோப்புகள் ஏன் பெரிதாக இருக்கின்றன என்று பிறகு தலையைச் சொறிய வேண்டிவரும். நீளப் பக்கம் என்று கொடுத்தால் இரண்டு வாக்குக்கும் சரி. 'ரீசாம்பிள்' டிக் இருக்கட்டும், 'டோன்ட் என்லார்ஜ்' டிக் இருக்கட்டும். அதே சாளரத்தில் வேலை முடிந்ததும் அசலை அழிக்கச் சொல்லும் ஒரு கட்டமும் இருக்கிறது, அது காலியாக இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

வெளியீட்டுக் கோப்புறை தனியாக இருக்கட்டும். இரண்டு கேமராவிலும் ஒரே எண் பெயருள்ள கோப்புகள் இருந்தால், உள்கோப்புறைகளையும் சேர்த்து ஒரே இடத்துக்கு அனுப்பும்போது பெயர் முட்டிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கேமராவையும் தனித்தனிச் சுற்றாக ஓட்டுங்கள். முடிந்ததும் உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றுதானா பாருங்கள்.

640ஐயும் ஒரேயடியாக விடாமல் முதலில் பத்துப் படத்தை ஓட்டிப் பார்க்கவும்.

பேராக் நதி எழுதியது:

டிபிஐயை 300இலிருந்து 72க்கு இறக்கினாலே போதுமே? அளவு குறைந்துவிடும் என்று ஒரு காணொளியில் காட்டினார்கள்.

அச்சுக்கூடம் எழுதியது:

குறையாது. டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கோப்புக்குள் எழுதிவைத்த ஓர் எண், அவ்வளவுதான். 4000க்கு 3000 படத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் புள்ளி அதேதான், எம்பியும் அதேதான். சில மென்பொருள்கள் டிபிஐ மாற்றும்போது கூடவே புள்ளிகளையும் குறைத்துவிடும். காணொளியில் அளவு குறைந்தது அதனால்தான் இருக்கும்.

டிபிஐ பேச்சு அச்சுக்கு மட்டும் எடுபடும், அதுவும் கணக்குப் போட. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளி. ஏ4 முழுப் பக்கத்துக்கு 2480க்கு 3508. கோவில் மலரில் பக்கத்துக்கு நாலு படம் வைக்கப் போகிறீர்கள் என்றால் 1920 புள்ளிப் படமே தாராளம். அட்டைக்கும் நடுப்பக்கத்துக்கும் மட்டும் அசலைக் கொடுங்கள்.

லயத்து வீடு, ஒன்று சொல்லிவைக்கிறேன். அச்சகத்துக்குப் படத்தைப் புலனத்தில் படமாக அனுப்பாதீர்கள். புலனம் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும், எச்டி என்று கொடுத்தாலும் அசல் போவதில்லை. 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் கோப்பு அப்படியே போகும். மின்னஞ்சல் என்றால் இணைப்பு பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊதிப் பெருக்கும். 25 எம்பி வரம்புள்ள அஞ்சலில் 18 எம்பிக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. பென் டிரைவில் போட்டு நேரில் கொடுப்பதுதான் இன்றைக்கும் தலைவலி இல்லாத வழி.

செம்பனைக்காடு எழுதியது:

தரம் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 100 என்று வைத்தால் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 90க்கும் 100க்கும் கண்ணில் வித்தியாசம் தெரியாது, கோப்பு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 75க்குக் கீழே இறங்கினால் வானம், சுவர் போன்ற வழுவழுப்பான இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது, அந்தச் சதுரங்களின் விளிம்பு வெளியே தலைகாட்டுவதுதான் அது.

ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 அல்ல. ஃபோட்டோஷாப் 12 வரைக்கும் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. எண்ணை நம்பாமல் படத்தை 100 விழுக்காட்டில் திறந்து, முகத்தையும் வானத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் இழக்கும். 70இல் சேமித்த படத்தை 95இல் மறுபடி சேமித்தால் போன தரம் வராது, கோப்பு மட்டும் பெருக்கும். எப்போதும் அசலிலிருந்தே குறைத்த நகலை எடுங்கள், நகலிலிருந்து நகல் வேண்டாம்.

கம்பத்துக்காரன் எழுதியது:

ஒரே நீள அகலம், ஒரே தரம், ஆனால் ஒரு படம் 350 கேபி, இன்னொன்று 1.1 எம்பி வருதே, ஏன் என்று யாராவது கேட்கும் முன்பு சொல்லிடறேன். படத்தில் என்ன இருக்கு என்பதைப் பொறுத்தது. கோவில் கோபுரமும் பின்னால் வெறும் வானமும் இருந்தால் சின்னதாக வரும். அதே தேர் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் நிற்கும்போது பின்னால் ஆயிரம் ஓலை, ஒவ்வொன்றும் ஒரு கோடு, கீழே சரளைக் கல். அதையெல்லாம் எழுதிவைக்க இடம் வேணும். இரவில் தீமிதி எடுத்த படமும் அப்படித்தான். இருட்டில் கைப்பேசி ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) ஏற்றிவிடுவதால் மணல் தூவியது போல இரைச்சல் வரும், ஜேபெக் அந்த மணலையும் விவரம் என்று நினைத்துச் சேமிக்கும். 1920க்குக் குறைத்தாலே இரைச்சல் பாதி அடங்கிவிடும்.

ஈப்போ ரோட் எழுதியது:

கோவில் படங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மஞ்சள் பேனரில் சிவப்பு எழுத்து. குறைத்த பிறகு எழுத்தின் ஓரம் கசிந்து, சாயம் போன மாதிரி இருக்கும். தரத்தை 90க்கு ஏற்றினாலும் முழுக்கச் சரியாகாது. காரணம், ஜேபெக் சேமிக்கும்போது வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைக் குறுக்கே பாதி, நெடுக்கே பாதி என்ற அளவிலும் வைத்துக்கொள்கிறது. முகம், மரம், சேலைக்கு அது தெரியாது. சிவப்பு எழுத்துக்கு உடனே தெரியும். இர்ஃபான்வியூவின் ஜேபெக் ஆப்ஷன்ஸில் 'டிசேபிள் குரோமா சப்சாம்ப்ளிங்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனர், அழைப்பிதழ், உபயதாரர் பட்டியல் இருக்கும் படங்களுக்கு மட்டும் அதை டிக் செய்து தனியாக ஓட்டுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், எழுத்து பிழைத்துவிடும். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட் சாளரத்தில் சப்சாம்ப்ளிங் 4:4:4 என்று வைத்தால் அதேதான்.

திரைப்பிடிப்பு, வரைபடம், கணினியில் செய்த அழைப்பிதழ் என்றால் ஜேபெக்கே வேண்டாம், பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். அதே பிஎன்ஜியில் கேமரா படத்தைப் போட்டால் பல மடங்கு வீங்கிவிடும், அதுவும் வேண்டாம்.

லயத்து வீடு எழுதியது:

மிக்க நன்றி. இர்ஃபான்வியூவில் பத்துப் படம் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. இரண்டு சந்தேகம். ஐபோன் படங்கள் எச்இஐசி என்று இருக்கின்றன, திறக்கவே இல்லை. சாம்சுங் படங்களில் சில 4 எம்பி, சில 8 எம்பி. ஒரே கைப்பேசி, ஒரே நாள். ஏன்?

கம்பத்துக்காரன் எழுதியது:

8 எம்பி இருப்பவை மோஷன் ஃபோட்டோவாக இருக்கும் அண்ணே. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஓரிரு விநாடிக் காணொளியை அதே ஜேபெக் கோப்பின் வாலில் ஒட்டிவைத்திருக்கும். பேட்ச் ஓட்டினால் வால் தானாக அறுந்துவிடும், படம் மட்டும் மிஞ்சும். அடுத்த திருவிழாவுக்கு முன்பு கேமரா திரையின் மேலே இருக்கும் அந்தக் குறியை அணைத்துவிட்டாலே பாதிச் சுமை குறையும்.

பேராக் நதி எழுதியது:

எச்இஐசிக்கு: 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோனில் அதுதான் வழக்கம். அது கெட்ட வடிவம் இல்லை, ஜேபெக்கில் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசமாகக் கிடைக்கும். அதோடு எச்இவிசி நீட்டிப்பும் வேண்டும், அதற்குச் சிறு தொகை கேட்பார்கள்.

காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஐபோனிலேயே மாற்றலாம். செட்டிங்ஸில் (புதிய ஐஓஎஸில் 'ஆப்ஸ்' உள்ளே) ஃபோட்டோஸ் போய், கீழே 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' வைத்தால் கம்பி வழியாகக் கணினிக்கு வரும்போதே ஜேபெக் ஆகிவிடும். நிறையப் படம் ஒரேயடியாக இழுத்தால் நடுவில் 'சாதனம் இயங்கவில்லை' என்ற பிழை வந்து நிற்கும். மாற்றுகிற வேகத்துக்கும் இழுக்கிற வேகத்துக்கும் ஒத்துப்போகாமல் வருவது அது. ஐம்பது ஐம்பதாக இழுங்கள். அப்படியும் நின்றால் 'கீப் ஒரிஜினல்ஸ்' வைத்து எச்இஐசியாகவே எடுத்துவிட்டுக் கணினியில் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் வெப்பி, ஏவிஐஎஃப் என்று புது வடிவத்துக்கு மாற்றினால் இன்னும் குறையுமே என்று என் கேள்வி. ஏன் யாரும் சொல்லவில்லை?

அச்சுக்கூடம் எழுதியது:

குறையும், மறுக்கவில்லை. வலைத்தளம் நடத்துகிறவருக்கு அது சரி. இங்கே படம் கோவில் தலைவரின் பழைய மடிக்கணினிக்கும், அச்சகத்துக்கும், பட்டணத்துப் படக்கடைக்கும் போகிறது. படக்கடை இயந்திரத்தில் வெப்பி கோப்பைச் செருகினால் பெயரே காட்டாமல் போகலாம். எங்கேயும் திறக்கும் கோப்பு ஜேபெக்தான். மிச்சமாகும் 100 எம்பிக்காக நாலு பேரை அலையவிட வேண்டாம்.

பேராக் நதி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், பகிர்வதற்கு ஜேபெக். எடுத்துவைப்பதற்கு மட்டும் எச்இஐசி வந்தது வந்தபடியே இருக்கட்டும் என்பேன். அதை ஜேபெக் ஆக்கி வைத்தால் இடமும் கூடும், தரமும் ஒரு படி இறங்கும்.

பால்மரத்து நிழல் எழுதியது:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். பிள்ளையின் உதவிநிதி விண்ணப்பத்தில் படம் 300 கேபிக்குள், ஐசி (அடையாள அட்டை) நகல் 500 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் 'கம்ப்ரெஸ்' என்று தேடினால் வரும் தளங்களில் போடலாமா?

ஈப்போ ரோட் எழுதியது:

அக்கா, ஐசி நகலை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்ற வேண்டாம். அது அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் சுருங்கி வருகிறது. வீட்டிலேயே இரண்டு நிமிட வேலை.

விண்டோஸ் பெயிண்டில் படத்தைத் திறந்து, முதலில் மேசை, விரல், சுவர் எல்லாம் போக வேண்டிய பகுதியை மட்டும் கிராப் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் + டபிள்யூ, 'பிக்சல்ஸ்' தேர்ந்தெடுத்து, ஐசிக்கு அகலம் 1200 கொடுங்கள். 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' டிக் இருந்தால் உயரம் தானே வரும். 'சேவ் ஆஸ்' ஜேபெக், வேறு பெயரில். ஐசியில் இருக்கும் எண் தெளிவாகப் படிக்க முடியுமா என்று திறந்து பாருங்கள். பெயிண்டில் தரத்தைத் தேர்ந்தெடுக்க இடமில்லை, அதனால் இன்னும் பெரிதாக இருந்தால் அகலத்தை 1000 ஆக்குங்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படம் 35க்கு 50 மில்லிமீட்டர். 300 டிபிஐ கணக்கில் 413க்கு 591 புள்ளி. அந்த அளவில் 300 கேபியை எட்டுவதே கஷ்டம்.

'இத்தனை கேபிக்குள்' என்று அடம்பிடிக்கும் படிவங்களுக்கு இர்ஃபான்வியூவில் ஒரு குறுக்கு வழி: கூடவே கொடுக்கப்படும் செருகுநிரல்களையும் (பிளகின்) நிறுவியிருந்தால் ஜேபெக் சேமிக்கும் சாளரத்தில் 'செட் ஃபைல் சைஸ்' என்று கேபியை நேராக எழுதலாம், தரத்தை அது பார்த்துக்கொள்ளும். நீள அகலத்தைக் குறைக்காமல் 4000 புள்ளிப் படத்துக்கு 300 கேபி என்று எழுதினால் முகம் சேறாகிவிடும். முதலில் ரீசைஸ், பிறகுதான் இது.

அச்சுக்கூடம் எழுதியது:

இணையத்தளமே வேண்டும் என்பவர்களுக்கு ஸ்கூஷ் பரவாயில்லை. கூகுள் குரோம் குழு செய்தது, படம் உங்கள் உலாவிக்குள்ளேயே சுருங்குகிறது, எங்கும் போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு படம்தான்.

கோவில் மலரை யாராவது வேர்டில் தட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வேர்டில் படத்தை ஓரம் இழுத்துச் சின்னதாக்கினாலும், கிராப் செய்தாலும் உள்ளே முழுப் படமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கோப்பு 180 எம்பி ஆகித் திறக்க மறுப்பது இதனால்தான். ஏதாவது ஒரு படத்தைத் தொட்டு, 'பிக்சர் ஃபார்மட்' பட்டியில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்', அதில் 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' டிக்கை எடுத்துவிட்டு, 'டிலீட் கிராப்ட் ஏரியாஸ்' டிக் செய்து, 220 பிபிஐ தேர்ந்தெடுங்கள். அச்சுக்குப் போகாத சுற்றறிக்கை என்றால் 150 போதும்.

லயத்து வீடு எழுதியது:

எல்லாம் ஓடி முடிந்தது. 640 உள்ளே, 640 வெளியே, 412 எம்பி. சில படங்கள் மட்டும் சாய்ந்து படுத்துவிட்டன. பழைய கருப்பு வெள்ளைப் படங்களும் கொஞ்சம் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால் புண்ணியம்.

செம்பனைக்காடு எழுதியது:

சாய்ந்ததற்குக் காரணம்: கைப்பேசி எப்போதும் ஒரே வாக்கில்தான் படத்தைச் சேமிக்கும், 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை எக்சிஃபில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பு தொலைந்தாலோ, சில மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாவிட்டாலோ படம் படுத்துவிடும். இர்ஃபான்வியூவில் எக்சிஃப் பார்த்துத் தானாகத் திருப்பும் கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்து அந்தப் படங்களை மட்டும் அசலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். எக்சிஃபை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், எடுத்த தேதி அதில்தான் இருக்கிறது. தேதி போனால் தீமிதி முன்னாலும் கொடியேற்றம் பின்னாலுமாக வரிசை குழம்பும். முகநூலில் போட மட்டும், வீட்டில் எடுத்த படங்களில் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுவது நல்லது.

ஸ்கேனுக்கு: 4க்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐயில் 2400க்கு 3600 புள்ளி, சுருக்காத டிஃப் கோப்பாக 26 எம்பி. 300இல் அதன் கால் பங்கு, 6.5 எம்பி. அதே அளவில் மறுபடி அச்சடிக்க 300 போதும். குழுப்படத்தில் ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்க வேண்டும் என்றால் 600. கருப்பு வெள்ளைப் படம் மஞ்சளேறியிருந்தால் அந்த மஞ்சளோடு சேர்த்து நிறத்திலேயே எடுங்கள், கறையை நீக்க அது உதவும். சுத்தமாக இருந்தால் கிரேஸ்கேல், டிஃபில் மூன்றில் ஒரு பங்காகும். தேன்கூடு மாதிரி மேடுபள்ளமான தாளில் அச்சிட்ட பழைய படங்களில் அந்த வடிவமும் சேர்ந்து விழும், கோப்பும் பெரிதாகும். ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் வைத்து எடுத்துப் பாருங்கள், நிழல் விழும் பக்கம் மாறும். எது தேவலாமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்துக்காரன் எழுதியது:

ஒரே காட்சியை ஏழெட்டு முறை தட்டியது எல்லாம் இன்னும் அப்படியே இருக்கும் அண்ணே. டூப்குரு என்று இலவச மென்பொருள் இருக்கு, 'பிக்சர்' முறையில் ஓட்டினால் ஒன்றுபோல இருக்கும் படங்களைக் கூட்டமாகக் காட்டும். அதுவாக அழிக்க விடாமல் ஒவ்வொரு கூட்டத்தையும் கண்ணால் பார்த்துக் கண் மூடியவை, அசங்கியவை எது என்று நீங்களே எடுங்க.

பென் டிரைவில் வைத்துக்கொண்டு அழிக்காதீங்க. அதில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். கணினி டிஸ்க்கில் அழித்தால் பின்னைக் காலி செய்யும் வரைக்கும் இடம் திரும்பக் கிடைக்காது. மலர் அச்சாகிக் கைக்கு வந்த பிறகு காலி செய்யுங்க.